கார்காருக்குப் போன மலர்வளையம்

தலைமை அலுவலகத்தில் தானியங்கிப் பிரிவு என்று ஒன்றை ஆரம்பித்தபோது அதற்குத் தலைவராக விவென்சியோ பெரால்தாவைப் போட்டார்கள். அவருக்குக் கணினி தெரியும் என்பதற்காக அல்ல. கம்பெனித் தலைவி மிலாக்ரோஸ் அம்மாளின் ஒன்றுவிட்ட தங்கையை அவர் கட்டியிருந்தார். அதோடு, மணிலாவுக்குப் போய் ஒரு வாரம் ஏசி அறையில் உட்கார்ந்து, பயிற்சி முடித்த சான்றிதழ் ஒன்றையும் வாங்கி வந்திருந்தார். அந்தச் சான்றிதழுக்குத் தங்க நிறச் சட்டம் போட்டு, எதிரே உட்காருகிறவன் எந்தப் பக்கம் பார்த்தாலும் தப்ப முடியாதபடி தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்.

பிலிப்பைன்ஸின் செபு தீவில் 'தூய ஓய்வு நினைவுத் திட்டம்' என்றால் தெரியாத வீடு கிடையாது. உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் கட்டிவந்தால், போன பிறகு பெட்டி, சவ ஊர்தி, சொந்தபந்தம் கண்விழித்து உட்காரக் கூடம், தலைமாட்டில் வைக்க மலர்வளையம் எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். தீவு முழுக்கக் கிளைகள். ஒவ்வொரு கிளையிலிருந்தும் உறுப்பினர் விவரம் அன்றாடம் ஒரு கோப்பாகத் தலைமை அலுவலகத்து சர்வருக்கு வந்து சேரும். பதிவுப் பிரிவுப் பெண்கள் அதைத் திறந்து படித்து, யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று குறித்துக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் கிளைக்கு ஃபோன் போட்டுக் கேட்பார்கள்.

இந்த ஃபோன் போடுவதுதான் விவென்சியோவுக்குப் பொறுக்கவில்லை. "ஆள் செத்தாச்சா இல்லையான்னு கேக்கறதுக்கு ஒரு செக்‌ஷன், அதுக்கு நாலு ஃபேன், ஒரு காப்பி மெஷின்" என்று கூட்டத்தில் சொன்னார். பெண்களைக் கிளைகளுக்கு மாற்றினார்கள். கர்ப்பமாக இருந்த ஃபிலோமினா ஒருத்தியை மட்டும் அலையவிடக் கூடாது என்று கீழ்த்தளத்தில் ஒரு மேஜை கொடுத்து உட்காரவைத்தார்கள்.

அவர்கள் இடத்துக்கு லிசனர்கள் வந்தன. லிசனர் என்பது சர்வருக்குள்ளேயே ஓயாமல் விழித்திருக்கும் ஒரு நிரல். இந்த ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிரு, இதில் கோப்பு வந்து விழுந்தால் எடு, எடுத்து இன்னது செய் என்று ஒருமுறை சொல்லி வைத்துவிட்டால் அதுபாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும். விவென்சியோ மூன்று லிசனர்களை அமைக்கச் சொன்னார். ஒன்று கோப்பை எடுத்து, செத்தவர்களைச் செத்தவர்களாகப் பதியும். இரண்டாவது பூக்கடைக்கும் சவ ஊர்திக்கும் சொல்லி அனுப்பும். மூன்றாவது குடும்பத்தாரின் ஃபோனுக்கு இரங்கல் செய்தி தட்டிவிடும். அவற்றுக்கு மிக்கேல், ரஃபேல், கபிரியேல் என்று பைபிளில் வரும் தலைமைத் தூதர்களின் பெயரையே வைத்தார். தொடக்க நாளில் பங்குச் சாமியார் வந்து சர்வர் அறையில் தீர்த்தம் தெளித்தார். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் கிளாரிபெல் டக்லான், தீர்த்தம் உள்ளே போய்விடாமல் இயந்திரத்தின்மேல் மழைக்கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் முழுப் பன்றி வறுவல் காத்திருந்தது.

கிளாரிபெல் அடக்கத்துக்குப் பேர்போனவள் அல்ல. இதற்கு முன்னால் இரண்டு கம்பெனிகளில் மேலதிகாரியை முட்டாள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தவள். விவென்சியோவை அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரியவேண்டுமா என்கிற மாதிரிப் பார்ப்பாள். லிசனர்களை அமைத்த அன்று திரையில் ஒவ்வொரு கேள்வியாக வந்தது, அவள் படித்துக் காட்டினாள், அவர் பதில் சொன்னார்.

"ஃபோல்டர எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் எட்டிப் பாக்கணும் சார்?"

"எப்பவும். கண்ண எடுக்கவே கூடாது."

"சரி. ஃபைல் வந்த ஒடனே எடுக்கணுமா, முழுசா வந்து முடியறவரைக்கும் காத்திருக்கணுமா? கிளைங்கள்ல லைன் ரொம்ப மெதுவு. மழை பேஞ்சா கேக்கவே வேணாம். பாதி ஃபைல் உள்ள வந்துக்கிட்டிருக்கும்போதே மிக்கேல் புடுங்கிட்டுப் போயிடுவாரு. அளவு ஏறாம நின்னப்புறம் எடுன்னு வெச்சிரலாம். இல்லன்னா, முடிஞ்சுதுன்னு கிளையிலேர்ந்து கடைசியா ஒரு குட்டி ஃபைல் அனுப்பச் சொல்லலாம்."

"காத்திருக்கறதுக்கு எதுக்கு லிசனர்? காத்திருக்கத்தான் பொம்பளைங்கள வெச்சிருந்தோமே. ஒடனே."

கிளாரிபெல் 'உடனே' என்பதைத் தட்டினாள். "அடுத்தது. இருக்காரா, போயிட்டாராங்கற கட்டம் காலியா இருந்தா என்னன்னு எடுத்துக்கணும்?"

இங்கே விவென்சியோ நாற்காலியில் சாய்ந்துகொண்டார். போன வருடம் நகரசபை உறுப்பினர் ஒருவரின் தாயாருக்கு மலர்வளையம் அடக்கம் முடிந்த மறுநாள் போய்ச் சேர்ந்தது. அதற்காக மிலாக்ரோஸ் அம்மாள் எல்லார் முன்னிலும் குதித்த குதி அவர் நினைவில் இருந்தது.

"காலியா இருந்தா, போயிட்டாருன்னே எடுத்துக்கட்டும். சந்தேகம்னா பூ போயிடணும். லேட்டாப் போறதவிட அது மேல்."

"உயிரோட இருக்கறவங்க வீட்டுக்குப் போய் நின்னா?"

"பூ வந்துதுன்னு யாராவது கோவிச்சுப்பாங்களா கிளாரிபெல்? நீ கல்யாணம் ஆகாதவ, உனக்குத் தெரியாது."

அவள் அதையும் தட்டினாள். லிசனர் ஏதாவது காரணத்தால் நின்றுபோனால் தானாகவே எழுந்துகொள்ள வேண்டுமா என்ற கேள்விக்கும் அவர் ஆமாம் என்றார். தலைமைத் தூதர்களை யார் நிறுத்த முடியும் என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். கடைசியில் எல்லாவற்றையும் தாளில் எடுத்து அவரிடம் கையெழுத்து வாங்கினாள். தன் கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று அவர் மகிழ்ந்து, கீழே தேதியையும் போட்டுக் கொடுத்தார்.

வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. விவென்சியோ வேறு கம்பெனிகளுக்குப் போய் உரையாற்றினார். மேடையில் நின்று, "மனிதக் கை படாத மரணம்" என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். ஏதோ ஒரு பத்திரிகையில் அவர் படத்தைப் போட்டார்கள். அதுவும் சான்றிதழுக்குப் பக்கத்தில் ஏறியது.

மழை ஆரம்பித்தது. தெற்கே கார்கார் கிளையிலிருந்து வந்துகொண்டிருந்த கோப்பு ஒரு காலையில் பாதி வழியில் மூச்சுத் திணறியது. மிக்கேல் காத்திருப்பவர் இல்லையே. வந்தவரைக்கும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பாதிக் கோப்பு ஒரு பெயர், முகவரி, குடும்பத்தார் ஃபோன் எண் வரைக்கும் வந்து, அடுத்த கட்டம் வருவதற்குள் அறுந்திருந்தது. பெயர் யூஸ்தாக்கியோ லுமாபாஸ்.

யூஸ்தாக்கியோ கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வுபெற்றவர். சண்டைச் சேவலை மடியில் வைத்து அதன் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் பூக்கடை வண்டி நின்றது. அதற்குப் பின்னாலேயே சவ ஊர்தி. ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, "உடல் எந்த ரூம்ல இருக்கு நோங்?" என்று, பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதையோடு பணிவாகக் கேட்டான். யூஸ்தாக்கியோ சேவலைக் கூண்டில் விட்டார். மலர்வளையத்தைத் தூக்கித் தோளில் மாட்டினார். பஸ் பிடித்து நேரே செபு நகரத்துத் தலைமை அலுவலகத்துக்கு வந்து, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் வளையத்திலிருந்த ரிப்பனைக் காட்டினார். அதில் இருந்தது அவர் பெயர். அந்தப் பெண் அவரை விவென்சியோவின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

விவென்சியோ எழுந்து கைகுலுக்கினார். "ஆழ்ந்த அனுதாபங்கள் சார். போனது உங்களுக்கு என்ன உறவு?"

"ரொம்ப நெருக்கம்" என்றார் யூஸ்தாக்கியோ. "இந்தப் பூவ மொதல்ல பாருங்க. பாதி பிளாஸ்டிக். இத்தன வருஷமாக் கட்டறேனே, இதுதான் தரப்போறீங்கன்னு செத்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. லுமாபாஸ்ல ஒரு எழுத்து வேற முழுங்கிட்டீங்க."

விவென்சியோவுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் அவருக்குத் தோன்றிய முதல் எண்ணம், கார்கார் கிளையில் யாரைப் பிடிக்கலாம் என்பது. "கிளையில ஏதோ தப்பு பண்ணியிருக்காங்க. எங்க சிஸ்டம் தப்பே பண்ணாது. ஒரு நிமிஷத்துல உங்கள உயிரோட கொண்டாந்துடறேன், உக்காருங்க."

"உயிரோடத்தான் நிக்கறேன். ரெக்கார்டுல கொண்டாங்க. நாளைக்கி நெஜமாவே போனா, 'உங்க ஆளு ஏற்கெனவே போயாச்சு, பெட்டி குடுத்தாச்சு'ன்னு சொல்லிடுவீங்க."

விவென்சியோ கிளாரிபெல்லைக் கூப்பிட்டார். ஆனால் அவள் வருவதற்குள் தானே செய்து காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. வாடிக்கையாளர் முன்னால் ஒரு பெண் வந்து தன் கணினியைத் தட்டுவது நன்றாக இருக்காது. மிக்கேல் காவல் காக்கும் ஃபோல்டரைத் திறந்தார். அதற்குள்ளேயே ஒரு புதுக் கோப்பை உருவாக்கி, யூஸ்தாக்கியோவின் பெயரை அடித்தார், முகவரியை அடித்தார், குடும்பத்தார் ஃபோன் எண்ணைக் கேட்டு அடித்தார். மணிலாவில் கற்றுக்கொடுத்தவற்றில் அவருக்கு நன்றாக நினைவிருந்தது ஒன்றுதான்: அடிக்கடி சேமிக்க வேண்டும். சேமித்தார். 'இருக்கிறார்' என்று அடிக்க விரலைத் தூக்கினார். கோப்பைக் காணோம்.

கிளாரிபெல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க இருந்துது" என்றார் விவென்சியோ.

"மிக்கேல் எடுத்துட்டுப் போயிட்டாரு சார்."

"நான் இன்னும் முடிக்கலியே."

"அவர ஒடனே எடுக்கச் சொன்னது நீங்கதானே. அந்த ஃபோல்டருக்குள்ள ஒக்காந்து எழுதக் கூடாது. வேற எடத்துல எழுதி முடிச்சு, கடைசியா உள்ள தள்ளணும். இப்ப கடைசிக் கட்டம் காலியாப் போயிருக்கு."

யூஸ்தாக்கியோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படின்னா?"

"மறுபடி செத்துட்டீங்க நோங்" என்றாள் கிளாரிபெல்.

மிக்கேலை நிறுத்தச் சொல்லி விவென்சியோ கத்தினார். தானே பொத்தானை அழுத்தினார். நின்றது. சற்றுக் கழித்துத் தானாகவே எழுந்து பச்சை விளக்கைக் காட்டியது. மறுபடி அழுத்தினார், மறுபடி எழுந்தது. யூஸ்தாக்கியோ நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ரசித்துப் பார்த்தார். சேவல் சண்டையில்கூட இவ்வளவு நன்றாகத் தெரியும் இடம் அவருக்குக் கிடைத்ததில்லை. கிளாரிபெல் தன் மேஜைக்குப் போய், அந்த ஃபோல்டருக்குள் மிக்கேல் நுழையும் அனுமதியை எடுத்துவிட்டு வந்தாள். பச்சை விளக்கு அப்படியே இருந்தது. ஆனால் பார்ப்பதற்கு மிக்கேலுக்கு ஒன்றும் இல்லை.

"நிக்கலியே, இன்னும் பச்சையாவே இருக்கே" என்றார் விவென்சியோ.

"கதவச் சாத்திட்டேன் சார். வெளியில நின்னு முழிச்சிக்கிட்டு இருப்பாரு. இருக்கட்டும்."

அதற்குள் கபிரியேல் தன் வேலையை முடித்திருந்தார். குடும்பத்தார் என்ற இடத்தில் இருந்த ஃபோன், யூஸ்தாக்கியோவின் மனைவி பசிலிசாவினுடையது. கடலுக்கு அந்தப் பக்கம் போஹோலில் தனியாக இருந்தாள். புருஷனோடு பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம். காலையில் முதல் செய்தி வந்ததுமே படகேறிவிட்டாள். துறைமுகத்தில் இறங்கும்போது இரண்டாவது செய்தி வந்தது. அதே ஆள், அதே அனுதாபம். குழம்பிப்போய், செய்தியின் அடியில் இருந்த அலுவலக முகவரிக்கே நேராக வந்தாள்.

கறுப்பு உடுப்போடு அறைக்குள் நுழைந்தவள், மலர்வளையத்துக்குப் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. ஜெபம் சொல்ல வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக வாங்கி வந்த கலமாய் அல்வா தேங்காய்ச் சிரட்டையோடு தரையில் உருண்டது.

"சாகலியா நீ?"

"ரெண்டு தடவ பண்ணிப் பாத்தாங்க லிசா. முடியல."

"படகுல அழுதுகிட்டே வந்தேன்யா. பக்கத்துல இருந்த பொம்பள, யாரோ தெரியாதவ, எனக்கு விசிறி விட்டா. உன்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொன்னேன் அவகிட்ட. நெஞ்சறிஞ்சு பொய் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"அத எதுக்கு இப்பச் சொல்லணும்? செத்தாத்தான் சொல்லுவேன்."

விவென்சியோ தொண்டையைச் செருமினார். "மேம், கம்பெனி சார்பா ஒரு விளக்கம் சொல்ல விரும்பறேன். இது கிளை அளவுல நடந்த ஒரு சின்ன இணைப்புப் பிரச்சினை..."

பசிலிசா அவர் பக்கம் திரும்பினாள். "யாரு இந்த ஆளு?"

"என்னக் கொன்னவரு" என்றார் யூஸ்தாக்கியோ. "பின்னாடி படம்கூட மாட்டி வெச்சிருக்காரு பாரு."

அவள் சான்றிதழைப் படித்தாள், பத்திரிகைப் படத்தைப் பார்த்தாள், பிறகு விவென்சியோவின் முகத்தைப் பார்த்தாள். "என் தங்கச்சி மவன் ஒருத்தன் இருக்கான், ஆறு தடவ படிச்சும் பாஸ் ஆகல. அவனுக்கும் இதே மாதிரி நெத்தி" என்றாள். யூஸ்தாக்கியோ சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளுக்கும் அடக்க முடியவில்லை. எத்தனையோ காலமாக எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் விவென்சியோவின் நெற்றி விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அவருக்கு அந்தப் பெருமையும் தெரியவில்லை.

கிளாரிபெல் கீழ்த்தளத்துக்குப் போய் ஃபிலோமினாவைக் கூட்டி வந்தாள். ஃபிலோமினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, பழைய திரையைத் திறந்து, கையாலேயே யூஸ்தாக்கியோவைத் திரும்ப உயிரோடு பதிந்தாள். "இருக்கீங்கதானே நோங்?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டாள். "இந்த நிமிஷம் வரைக்கும்" என்றார் அவர். மழை விட்டிருந்தது. மலர்வளையத்தை அறையிலேயே விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பையை யார் தூக்குவது என்று படியில் சண்டை போடும் சத்தம் கீழே தெருவரைக்கும் கேட்டது. கடைசியில் அவர்தான் தூக்கினார்.

அவர்கள் போனதும் விவென்சியோ கதவைச் சாத்தினார். "கார்கார் கிளையில அந்த டைப் அடிக்கற பையன் பேர் என்ன? ஒரு ரிப்போர்ட் எழுதணும். நீயும் கையெழுத்துப் போடு."

"போட மாட்டேன்."

"கிளாரிபெல், நான் உன் மேலதிகாரி."

"தெரியும் சார். அன்னிக்கி உங்ககிட்ட கையெழுத்து வாங்கினேனே, அது இருக்கு. ஆனா ஒண்ணு." அவள் வழக்கமான பார்வையோடுதான் சொன்னாள், ஆனால் குரல் மட்டும் கொஞ்சம் தணிந்திருந்தது. "நீங்க போனப்புறம் நானே சத்தமில்லாம மாத்தி வெச்சிருக்கலாம். ரெண்டு தட்டு தட்டினாப் போதும். நீங்க ஒருதரம் விழுந்து எந்திரிக்கட்டும்னு விட்டேன். விழுந்தது படகுல அழுதுக்கிட்டு வந்த பொம்பள. அத நெனச்சாத்தான் ஒரு மாதிரியா இருக்கு. உங்களப் பத்தி ஒண்ணும் இல்ல."

விவென்சியோ அதில் தனக்குச் சாதகமாக எதையாவது பிடிக்க முடியுமா என்று யோசித்தார். பிடிபடவில்லை.

விஷயம் மாடிக்குப் போனது. மிலாக்ரோஸ் அம்மாள், வேறு யாருக்கெல்லாம் இப்படிப் போயிருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். மழை தொடங்கியதிலிருந்து தெற்குக் கடற்கரை நெடுகப் பல வீடுகளுக்குப் போயிருந்தது. சிலர் கம்பெனி ஆண்டு விழாப் பரிசு என்று நினைத்திருந்தார்கள். ஒருவர் பூவைத் தன் காதலிக்குக் கொடுத்துவிட்டார், ரிப்பனைக் கவனிக்காமல். அம்மாள் விவென்சியோவை வேலையை விட்டு நீக்கவில்லை. தங்கை வீட்டில் சோறு கிடைக்காமல் போய்விடும். "உனக்குக் கம்ப்யூட்டர் வேணாம் விவென்சியோ. கால் இருக்கில்ல? ஒவ்வொரு வீடாப் போ. நேர்ல நின்னு மன்னிப்புக் கேட்டுட்டு வா" என்றாள்.

கிளாரிபெல் தூதர்களின் பெயரை நீக்கிவிட்டு லிசனர்களுக்கு வெறும் எண்ணைக் கொடுத்தாள். கோப்பு முழுசாக வந்து ஓய்ந்த பிறகே எடுக்க வேண்டும், ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அதைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று அமைத்தாள். அந்தத் தனி ஃபோல்டரை ஃபிலோமினா பார்த்து, கிளைக்கு ஃபோன் போடுவாள். அவள் பிரசவத்துக்குப் போகுமுன் மாற்றலான பெண்களில் இரண்டு பேரைத் திரும்ப வரவழைத்தார்கள். அந்த அறைக்குப் புதிதாக ஒரு பெயர்ப் பலகை செய்து மாட்டினார்கள், 'தர உறுதிப் பிரிவு' என்று.

விவென்சியோ பஸ்ஸிலும் மோட்டார் டிரைசைக்கிளிலுமாகத் தெற்கே இறங்கினார். தோய்த்து மடிப்பு வைத்த சட்டை முதல் நாளே சேறானது. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில், செத்ததாக இவர் பதிந்த ஆள் அதற்கப்புறம் உண்மையிலேயே செத்திருந்தார். பூ மறுபடி வராதா என்று கேட்டார்கள். அர்காவோவில் ஒரு கிழவி கதவைத் திறந்து, அவர் மனப்பாடமாக வைத்திருந்ததை முழுதும் கேட்டாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மேம்."

"உள்ள வா. கால மிதியடியில தொடச்சிட்டு வா."

அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த டோர்ட்டா கேக்கை ஒரு தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் தின்னும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"உன் வேல என்னன்னு சொன்ன, இன்னொருதரம் சொல்லு."

விவென்சியோ சொன்னார். சர்வர், ஃபோல்டர், காத்திருக்கும் நிரல் எல்லாவற்றையும் கையை ஆட்டி விளக்கினார். மணிலா பயிற்சியைப் பற்றியும் சொன்னார். பேசப் பேச அவர் முதுகு பழையபடி நிமிர்ந்தது.

கிழவி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டாள். "சாப்பிடறது மட்டும் ஒழுங்காத் தெரியுது" என்று சொல்லி, வழியில் தின்ன இன்னொரு டோர்ட்டாவைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்து, வாசல்வரை வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.